ஒரு கிருமியின் 44 லட்சம் எழுத்துகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நோய்க் கிருமியின் மரபணுவை முதலிலிருந்து கடைசிவரை படித்து, அதை வைத்து எந்த மருந்து கொடுப்பது என்று முடிவு செய்கிறார்கள் என்று போன இதழில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரிக்கு மட்டும் இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. நுண்ணுயிர் ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நிறைய கடிதங்களில் வீட்டு நோயாளிகளின் விவரம் இருந்ததால் பெயரையெல்லாம் எடுத்துவிட்டேன்.

கேள்வி: கிருமியின் மரபணுவைப் படிப்பது என்றால் என்ன? அதற்கும் வைத்தியத்துக்கும் என்ன சம்பந்தம்? (கல்லூரி மாணவி)

மரபணுக்கள் இருக்கும் டிஎன்ஏ என்பது நான்கே எழுத்துகளில் எழுதப்பட்ட ஒரு நீண்ட வரி. ஏ, டி, ஜி, சி, அவ்வளவுதான். நமக்கு அந்த வரி சுமார் 300 கோடி எழுத்து நீளம். காசநோய்க் கிருமிக்கு 44 லட்சம். கொரோனா வைரஸுக்கு முப்பதாயிரத்துக்கும் கொஞ்சம் குறைவு (அது ஆர்என்ஏ, ஆனாலும் சங்கதி ஒன்றுதான்). எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து என்று வரிசையாகக் கண்டுபிடிப்பதைத்தான் சீக்வென்சிங் என்கிறோம்.

தனித்து வாழக்கூடிய ஓர் உயிரின் முழு வரிசையையும் முதன்முதலில் படித்து முடித்தது 1995இல். ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்ஸே என்ற பாக்டீரியா, 18 லட்சம் எழுத்து, அமெரிக்காவில் கிரெய்க் வென்டர், ஹாமில்டன் ஸ்மித் இவர்களின் குழு செய்தது. பெயரைப் பார்த்து ஃப்ளூ காய்ச்சல் கிருமி என்று நினைத்துவிடாதீர்கள். 1892இல் ரிச்சர்ட் ஃபைஃபர் ஃப்ளூ நோயாளிகளிடம் இதைப் பார்த்துவிட்டு இதுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டார், அந்தத் தவறு பெயரிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. உண்மையில் இது குழந்தைகளுக்கு மூளை உறைக் காய்ச்சல் கொண்டுவரும் கிருமி.

சரி, வைத்தியத்துக்கு வருகிறேன். ஒரு கிருமியின் வரிசையைத் தனியாக வைத்துப் பார்த்தால் ஒன்றும் புரியாது, அது வெறும் எழுத்துக் குவியல். முன்பே படித்து வைத்த ஆயிரக்கணக்கான வரிசைகளோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் இந்தக் கிருமி யார், எந்த மருந்துக்கு மசியாது, யாருடைய உடம்பிலிருந்த கிருமிக்கு நெருங்கிய சொந்தம் என்பதெல்லாம் தெரியவருகிறது. கீழே வரும் பதில்களில் இதே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் அண்ணனுக்குக் காசநோய். முதல் மாதம் மாத்திரை சாப்பிட்டும் குறையவில்லை. கல்ச்சர் முடிவுக்கு ஆறு வாரம் காத்திருந்த பிறகு, கொடுத்த மருந்துகளில் இரண்டு வேலை செய்யாது என்று சொன்னார்கள். இதை முதல் நாளே கண்டுபிடித்திருக்க முடியாதா? (தங்கை)

உங்கள் கோபம் நியாயமானது. அந்த ஆறு வாரத்தை ஆய்வகத்தின் உள்ளேயிருந்து பார்த்தவன் நான்.

சளி மாதிரி வந்ததும் அதைச் சுத்தப்படுத்தி, மூடி போட்ட சின்னக் கண்ணாடிக் குப்பியில் சாய்வாக உறைய வைத்த பச்சை நிற ஊடகத்தின் (கிருமி வளர்வதற்கான உணவுக் கலவை) மேல் இரண்டு சொட்டு விடுவோம். முட்டையும் ஒரு பச்சைச் சாயமும் சேர்த்துச் செய்த ஊடகம் அது. பிறகு 37 டிகிரியில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். இப்படிக் கிருமியை வளர்த்துப் பார்ப்பதைத்தான் கல்ச்சர் என்கிறார்கள். ஒரு வாரம் கழித்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. இரண்டாவது வாரமும் இருக்காது. மூன்றாவது, நான்காவது வாரத்தில் வெளிர் மஞ்சளாக, சொரசொரவென்று, காலிஃபிளவர் பூவின் நுனி மாதிரி இரண்டு மூன்று பொட்டு தெரியும். மற்றப் பல பாக்டீரியாக்கள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும், காசநோய்க் கிருமிக்கு அதற்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் பிடிக்கும். அதனால்தான் இவ்வளவு தாமதம். அது வளர்ந்த பிறகு, ஒவ்வொரு மருந்தையும் கலந்த குப்பிகளில் மறுபடி வளர்த்துப் பார்க்க இன்னும் சில வாரம். குப்பியைத் திரும்ப உள்ளே வைக்கும்போதெல்லாம், இந்த நேரத்தில் அந்த நோயாளி என்ன மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்ற எண்ணம் வரும். நீங்கள் எழுதியதைப் படித்தபோது அதுதான் ஞாபகம் வந்தது. இப்போது திரவ ஊடகங்கள் வந்து கொஞ்சம் வேகப்பட்டிருக்கிறது, ஆனாலும் நாள்கணக்கு வாரக்கணக்குதான்.

இதற்குப் பதிலாகத்தான் எழுத்துகளைப் படிப்பது. ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்து கிருமியின் ஒரு புரதத்தில் போய் உட்கார்ந்து வேலை செய்கிறது. அந்தப் புரதத்துக்கான மரபணுவில் 81 எழுத்து நீளமுள்ள ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. அங்கே ஓர் எழுத்து மாறினாலே மருந்து உட்கார இடம் இல்லாமல் போய்விடும். ரிஃபாம்பிசினுக்கு மசியாத கிருமிகளில் சுமார் 95 சதவீதத்துக்கு மாற்றம் இந்த 81 எழுத்துக்குள்தான் இருக்கிறது. ஜீன்எக்ஸ்பர்ட் என்ற கருவி இந்த இடத்தை மட்டும் பார்த்து இரண்டு மணி நேரத்துக்குள் பதில் சொல்லிவிடுகிறது.

ஆனால் அந்த இடத்தை மட்டும் பார்ப்பதில் ஒரு ஆபத்து இருக்கிறது. ஆப்பிரிக்காவில் ஸ்வாஸிலாந்து (இப்போது எஸ்வாட்டினி) நாட்டில் 2009இல் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. பல மருந்துகளுக்கு மசியாத காசநோய்க் கிருமிகளில் சுமார் 30 சதவீதத்தில் மாற்றம் இந்த 81 எழுத்துப் பகுதிக்குக் கொஞ்சம் தள்ளி இருந்தது. கருவி அந்த இடத்தைப் பார்ப்பதே இல்லை, ஆகவே "ரிஃபாம்பிசின் வேலை செய்யும்" என்று சொல்லிவிடும். வேலை செய்யாத மருந்தையே அந்த நோயாளிகள் தொடர்ந்து சாப்பிடுவார்கள், கிருமியும் பரவிக்கொண்டே இருக்கும். முழு வரிசையையும் படித்தால் இப்படி ஒளிந்திருக்கும் மாற்றமும் கண்ணில் படும், அதோடு மற்ற மருந்துகளுக்கான பதிலும் அதே ஒரு பரிசோதனையில் வந்துவிடும்.

எவ்வளவு நம்பலாம்? 2018இல் 16 நாடுகளிலிருந்து 10,209 காசநோய்க் கிருமிகளை எடுத்து, எழுத்தை மட்டும் பார்த்துச் சொன்ன பதிலையும் கல்ச்சரில் வளர்த்துக் கிடைத்த பதிலையும் ஒப்பிட்டார்கள். ரிஃபாம்பிசினுக்கு மசியாத கிருமிகளில் 97.5 சதவீதத்தை எழுத்து சரியாகக் காட்டிக்கொடுத்தது, பைராசினமைடு என்ற இன்னொரு காசநோய் மருந்துக்கு 91.3 சதவீதம். இங்கிலாந்து 2017லேயே இதை வழக்கமான பரிசோதனையாக ஆக்கிவிட்டது. சளியிலிருந்தே நேராகச் சில முக்கிய மரபணுக்களை மட்டும் பெருக்கிப் படிக்கும் முறையை உலக சுகாதார நிறுவனமும் இப்போது பரிந்துரைக்கிறது.

ஆக, எல்லா மருந்துக்கும் முதல் நாளே பதில் சொல்ல முடியாது, ஆனால் ஆறு வாரம் என்பதைச் சில நாள்களாகச் சுருக்க முடியும். அந்த வசதி எல்லா இடத்துக்கும் இன்னும் போய்ச் சேரவில்லை, அதுதான் என் வருத்தமும். அண்ணனுக்கு இப்போது மாற்றிக் கொடுத்திருக்கும் மருந்தை ஒரு வேளைகூடத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எல்லா டெஸ்ட்டும் எடுத்துவிட்டோம், என்ன கிருமி என்றே தெரியவில்லை என்று டாக்டர்கள் சொல்லும்போது இந்த முறையால் கண்டுபிடிக்க முடியுமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

சில சமயம் முடியும். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் சொல்லும் ஒரு சம்பவம் உண்டு, 2014இல் மருத்துவ இதழில் வெளியானது. அமெரிக்காவில் பதினான்கு வயதுப் பையன், பிறவியிலேயே நோய் எதிர்ப்பு சக்தி குறைவு. நான்கு மாதத்தில் மூன்று முறை ஆஸ்பத்திரி. காய்ச்சல், தலைவலி, பிறகு மூளையில் நீர் கோத்து, நிற்காத வலிப்பு. மூளைத் திசுவைக்கூட எடுத்துப் பார்த்துவிட்டார்கள், பலனில்லை.

கடைசியில் சான் பிரான்சிஸ்கோவில் சார்ல்ஸ் சியூ என்ற மருத்துவரின் குழு, பையனின் மூளைத் தண்டுவட நீரில் இருந்த டிஎன்ஏ எல்லாவற்றையும், எது யாருடையது என்று பார்க்காமல், மொத்தமாகப் படித்தது. முப்பது லட்சத்துக்குச் சற்று அதிகமான துண்டுகள் வந்தன. ஏறக்குறைய எல்லாமே பையனுடைய சொந்த டிஎன்ஏ. அவற்றில் 475 துண்டுகள் மட்டும் லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியாவோடு பொருந்தின, அதாவது எலிக்காய்ச்சல் கிருமி. முப்பது லட்சத்தில் வெறும் 475! மாதிரி கைக்கு வந்து 48 மணி நேரத்தில் பதில் சொல்லிவிட்டார்கள். எலிக்காய்ச்சலுக்கான வழக்கமான பரிசோதனைகள் அந்தப் பையனுக்கு நெகட்டிவ். மருந்து என்னவென்று பார்த்தால் பெனிசிலின், எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்கும் பழைய மருந்து. பையன் பிழைத்துக்கொண்டான்.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு எல்லாக் காய்ச்சலுக்கும் இந்த டெஸ்ட் வேண்டும் என்று கேட்காதீர்கள் சார். தோலில் இருக்கும் பாக்டீரியா, ஊசியில், ரசாயனத்தில், ஆய்வக மேசையில் இருந்த பாக்டீரியா, எல்லாவற்றின் டிஎன்ஏவும் சேர்ந்துதான் படிக்கப்படும். எங்கள் ஆய்வகத்தில் ஒருமுறை, கிருமி எதுவும் போடாமல் வெறும் தண்ணீரை மட்டும் இதே போலப் படித்துப் பார்த்தபோது ஒரு நீண்ட பாக்டீரியாப் பட்டியலே வந்தது. அதனால்தான் ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரையும் கூடவே ஓட்டி, அதில் வந்ததைக் கழித்துப் பார்க்கிறோம். அப்புறம் இன்னொன்று, டிஎன்ஏ இருக்கிறது என்றால் கிருமி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமில்லை, செத்த கிருமியின் டிஎன்ஏவும் கொஞ்ச நாள் கிடக்கும்.

கேள்வி: நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். எங்கள் வார்டில் கிருமித் தொற்று பரவினால் முதல் கேள்வி "யார் கை கழுவவில்லை" என்பதுதான். மரபணு சோதனை வந்தால் இன்னும் எங்கள் தலையில்தான் விழுமா?

சிஸ்டர், நான் பார்த்தவரை அது பழி போடுவதைக் குறைத்திருக்கிறது. ஏனென்றால் ஊகத்தின் இடத்தில் ஆதாரம் வந்துவிடுகிறது.

2011இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆஸ்பத்திரியில் கிளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியா, கடைசிக்கட்ட மருந்துகளுக்கே மசியாத வகை, 18 நோயாளிகளுக்குப் பரவியது. பதினொரு பேர் இறந்தார்கள், அதில் ஆறு பேரின் இறப்புக்கு இந்தக் கிருமியே காரணம் என்று முடிவு செய்தார்கள். இதில் புதிர் என்னவென்றால், முதல் நோயாளி குணமாகி வீட்டுக்குப் போய் மூன்று வாரம் கழித்துத்தான் இரண்டாவது நோயாளியிடம் கிருமி தென்பட்டது. இடையில் எங்கே இருந்தது? ஒவ்வொருவரிடமிருந்தும் எடுத்த கிருமியின் வரிசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று பார்த்தபோது, அந்த முதல் நோயாளியிடமிருந்தே மூன்று தனித்தனி வழிகளில் பரவியிருப்பது தெரிந்தது. அறிகுறி எதுவும் இல்லாமல் உடம்பில் கிருமியைச் சுமந்துகொண்டிருந்தவர்கள் இடையில் இருந்திருக்கிறார்கள். சுத்தம் செய்து வைத்த ஒரு வென்டிலேட்டரிலும், கை கழுவும் தொட்டிகளின் வடிகால் வாயிலும்கூடக் கிருமி இருந்தது. வடிகாலிலும் கருவியிலும் உட்கார்ந்திருக்கும் கிருமியை ஒரு நர்ஸின் கை கழுவும் பழக்கத்தை மட்டும் வைத்து ஒழிக்க முடியாது, இல்லையா?

அதே வருடம் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில், பிறந்த குழந்தைகளைப் பார்க்கும் சிறப்புப் பிரிவு ஒன்றில் எம்ஆர்எஸ்ஏ (பல மருந்துகளுக்கு மசியாத ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியா) பரவியது. ஷாரன் பீக்காக் குழுவினர் வரிசைகளைப் படித்து, தனித்தனிச் சம்பவங்களாகத் தெரிந்தவை எல்லாம் ஒரே சங்கிலி என்று காட்டினார்கள். வார்டை நன்றாகச் சுத்தம் செய்து, 64 நாள் ஒரு தொற்றும் இல்லாமல் இருந்து, திரும்பவும் ஒரு குழந்தைக்கு வந்தது. 154 ஊழியர்களைச் சோதித்ததில் ஒருவரிடம் அதே கிருமி இருந்தது. அவருக்கு அது தெரியவே தெரியாது, நோயும் இல்லை. அவருக்குச் சிகிச்சை கொடுத்தார்கள். அப்படித்தான் செய்ய வேண்டும், ஒருவர் தெரியாமல் கிருமியைச் சுமப்பது குற்றம் அல்ல.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேரின் கிருமிகள் நெருங்கிய சொந்தம் என்று வரிசை சொல்லும், ஆனால் இவரிடமிருந்து அவருக்கா, அவரிடமிருந்து இவருக்கா, இல்லை இருவருக்கும் மூன்றாவது ஒருவரிடமிருந்தா என்பதைப் பல நேரம் வரிசை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. காசநோயில் 44 லட்சம் எழுத்தில் வித்தியாசம் 5க்குள் இருந்தால் அண்மையில் பரவியிருக்கலாம் என்றும், 12க்கு மேல் போனால் நேரடியாகப் பரவியிருக்க வாய்ப்பு குறைவு என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். யார் எந்தப் படுக்கையில், எந்தத் தேதியில் இருந்தார் என்ற உங்கள் வார்டுப் பதிவேடும் சேர்ந்தால்தான் முழுப்படம் கிடைக்கும். அதை எழுதி வைப்பது நீங்கள்தானே.

கேள்வி: கிருமியைப் படிக்கிறேன் என்று என் டிஎன்ஏவையும் சேர்த்துப் படித்துவிடுவார்களா?

வளர்த்தெடுத்த கிருமியிலிருந்து படித்தால் உங்களுடையது வராது. ரத்தம், தண்டுவட நீர் மாதிரியிலிருந்து நேராகப் படித்தால் பெரும்பகுதி உங்களுடையதாகத்தான் இருக்கும். பொறுப்பான ஆய்வகங்கள் மனித டிஎன்ஏவைக் கணினியிலேயே பிரித்து நீக்கிவிட்டுத்தான் மிச்சத்தைப் பார்க்கின்றன, பகிர்கின்றன. கையெழுத்துப் போடும் முன் இதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கேள்வி: தடுப்பூசிக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?

நிறையவே உண்டு. மூளை உறைக் காய்ச்சல் உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் கிருமியில் "பி" என்று ஒரு வகை. மற்ற வகைகளுக்குக் கிருமியின் மேலே போர்த்தியிருக்கும் சர்க்கரைப் போர்வையை வைத்துத் தடுப்பூசி செய்துவிட்டார்கள். பி வகையின் போர்வை நம் நரம்புச் செல்களில் இருக்கும் ஒரு பொருளைப் போலவே இருப்பதால், உடம்பு அதை எதிரியாகவே பார்ப்பதில்லை. பல வருடம் முட்டி மோதியும் வழி கிடைக்கவில்லை.

ரீனோ ராப்புவோலி என்ற இத்தாலிய விஞ்ஞானியின் குழு தலைகீழாக யோசித்தது. முதலில் கிருமியின் முழு வரிசையையும் படிப்போம், அதில் எந்தெந்தப் புரதம் கிருமியின் மேற்பரப்பில் வந்து நிற்கக்கூடும் என்று கணினியில் தேடுவோம் என்றார்கள். வரிசை 2000இல் வெளியானது. 350 புரதங்களைச் செய்து எலிக்குச் செலுத்திப் பார்த்ததில் 28 புரதங்கள் கிருமியைக் கொல்லக்கூடிய எதிர்ப்பை உண்டாக்கின. அவற்றில் தேறியவற்றை வைத்துச் செய்த தடுப்பூசிக்கு 2013 ஜனவரியில் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. வரிசை வெளியானதிலிருந்து கணக்குப் போட்டால் பதின்மூன்று வருடம்.

கொரோனாவில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2020 ஜனவரி 11 அன்று சீனாவின் ஜாங் யோங்ஜென், ஆஸ்திரேலியாவின் எட்வர்ட் ஹோம்ஸ் இருவரும் அந்த வைரஸின் வரிசையை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று பொதுவில் போட்டார்கள். அதை வைத்துச் செய்த ஒரு தடுப்பூசி 65 நாளில், மார்ச் 16 அன்று, சோதனைக்காக ஒரு மனிதருக்குப் போடப்பட்டது. வரிசையைப் பூட்டி வைத்திருந்தால் இது நடந்திருக்காது.

கேள்வி: தொழுநோய்க் கிருமியை ஆய்வகத்தில் வளர்க்கவே முடியாது என்று படித்தேன். பிறகு எப்படி மருந்து வேலை செய்யுமா என்று பார்க்கிறார்கள்?

சரியாகப் படித்திருக்கிறீர்கள். முன்பெல்லாம் எலியின் பாதத்தில் செலுத்தி மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். அந்தக் கிருமி இரண்டாகவே ஏறக்குறைய இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும். 2001இல் முழு வரிசையையும் படித்தபோது காரணம் ஓரளவு புரிந்தது: ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள் உடைந்து செயலிழந்து கிடக்கின்றன, சொந்தமாக வாழத் தேவையான பலதை அது தொலைத்துவிட்டது. இப்போது டாப்சோன், ரிஃபாம்பிசின், ஆஃப்லாக்சசின் மூன்றுக்கும் உரிய மூன்று மரபணுக்களைத் தோல் மாதிரியிலிருந்தே படித்து மருந்து பலிக்குமா என்று சொல்லிவிடுகிறார்கள்.

குடலைத் தாக்கும் விப்பிள் நோய்க் கிருமியில் இதைவிட அழகாக ஒன்று நடந்தது. உயிருள்ள செல்லுக்குள்தான் வளரும் என்றிருந்த கிருமி அது. 2003இல் அதன் வரிசையைப் படித்து, எந்தெந்த அமினோ அமிலங்களை (புரதம் செய்யத் தேவையான மூலப்பொருள்கள்) அதனால் சொந்தமாகச் செய்துகொள்ள முடியாது என்று பட்டியல் போட்டு, அவற்றைக் கலந்து ஒரு ஊடகம் தயாரித்தார்கள். செல்லே இல்லாமல் கிருமி வளர்ந்தது. எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி.

கேள்வி: என் கணவரின் காசநோய்க் கிருமியைப் படித்த ரிப்போர்ட்டில் பெடாகுவிலின் மருந்துக்கு நேராக "மாற்றம் உள்ளது, பொருள் தெளிவில்லை" என்று போட்டிருக்கிறார்கள். மருந்தை நிறுத்த வேண்டுமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள் அம்மா. அந்த வரி பயப்பட வேண்டிய வரி அல்ல, உண்மையைச் சொல்லும் வரி. உலக சுகாதார நிறுவனம் 2021இல் எந்த எழுத்து மாறினால் எந்த மருந்து பலிக்காது என்று ஒரு பட்டியல் வெளியிட்டது, 2023இல் 50,000க்கும் மேற்பட்ட கிருமிகளை ஒப்பிட்டு அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. ரிஃபாம்பிசின் பல பத்தாண்டாகப் புழங்கும் மருந்து, மாற்றங்களும் ஒரே இடத்தில் குவிந்திருப்பதால் பட்டியல் உறுதியாகப் பேசும். பெடாகுவிலின் 2012இல்தான் அனுமதி பெற்றது. அதற்கான முக்கிய மரபணுவில் மாற்றங்கள் ஓரிடத்தில் குவியாமல் மரபணு முழுக்கச் சிதறி வருகின்றன. சிலது மருந்தை முறியடிக்கிறது, சிலது ஒன்றுமே செய்வதில்லை. உங்கள் கணவரிடம் இருப்பது எந்த ரகம் என்று சொல்லப் போதுமான கிருமிகளை இன்னும் யாரும் ஒப்பிடவில்லை, அவ்வளவுதான்.

டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். அவருடைய கிருமியை வளர்த்து, அந்த மருந்தோடு நேராக வைத்துச் சோதித்தார்களா? சோதிக்கவில்லை என்றால் எப்போது செய்வார்கள்? அந்த முடிவு கைக்கு வரும்வரை எடை, இருமல், சளிப் பரிசோதனை மூன்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் குறித்து, ஒவ்வொரு முறை டாக்டரைப் பார்க்கும்போதும் எடுத்துப் போங்கள். கல்ச்சர் முடிவு வந்ததும் ஆய்வகம் அதை வரிசையோடு சேர்த்துப் பொதுத் தொகுப்புக்கு அனுப்புமா என்றும் கேட்டுப் பாருங்கள். அதே எழுத்து மாற்றத்தோடு அடுத்து வரும் நோயாளியின் ரிப்போர்ட்டில் "பொருள் தெளிவில்லை" என்று வராமல் போக அது உதவும்.